தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கண்ணாடி

பென்னாகரம் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. கூடப் படித்தவளின் வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் வளையல் பெட்டி. ஊருக்குச் சற்று முன்னால் பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. இடப்பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர், உள்ளே ஓட்டு வீடு, வீட்டின் பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டிய ஏதோ ஒன்று. பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்கு அது புளி மூட்டையாகவோ விறகாகவோ தெரிந்திருக்கும். எனக்கு அந்தத் தார்ப்பாய் பின்பக்கமாகச் சரிந்து இறங்கிய விதம் தெரிந்தது. அந்தச் சரிவை நான் இருட்டில் கையால் தடவிக்கூடச் சொல்லிவிடுவேன்.

அடியில் என் வண்டி மாதிரியே ஒரு வண்டி நிற்கிறது என்று முதலில் நினைத்தேன். அடுத்த நொடியே, அதற்கு ஒரு முன் கண்ணாடி இருக்கும் என்று நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்புதான் என்னை அடுத்த நிறுத்தத்தில் வளையல் பெட்டியோடு இறக்கிவிட்டது.

வண்டியின் பெயரை எழுதினால் உங்களில் பலருக்கு எதுவும் ஞாபகம் வராது. இரண்டே கதவு உள்ள கார். அந்தக் கதவுகளும் நீளம், கடைத்தெருவில் இரண்டு வண்டிக்கு நடுவே நிறுத்தினால் திறந்து இறங்க முடியாது. பின்சீட்டில் ஒரு பையை வைக்கலாம், அல்லது பிடிக்காத சொந்தக்காரர் யாரையாவது உட்கார வைக்கலாம். தாழ்வான வண்டி என்பதால் எங்கள் பக்கத்து வேகத்தடை ஒவ்வொன்றும் அதன் வயிற்றைச் சுரண்டியே அனுப்பும். குடும்பத்துக்கு வண்டி தேடியவர்கள் இதில் எப்படி ஏறுவது என்றார்கள். ரேஸ் வண்டி தேடியவர்கள் இன்ஜின் சின்னது, சும்மா வேஷம் என்றார்கள். இரண்டு பேரும் வாங்கவில்லை. கம்பெனி கொஞ்ச வருடம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டது.

வாங்கியவர்கள் மட்டும் விடவில்லை. நாங்கள் யாரும் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கதவு மூடும்போது வருகிற அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுவோம். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்பே, திருப்பலாமா என்று நினைக்கும்போதே, வண்டியின் மூக்கு திரும்பத் தொடங்குவதைப் பற்றிப் பேசுவோம். ஓட்டாதவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் சொல்வோம்.

நான் மெக்கானிக்கல் படித்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன், ஒரே மிஷின் முன்னால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. இப்போது நல்லம்பள்ளியில் வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் பாகங்கள் வரைந்து கொடுக்கிறேன். ஓசூர்ச் சம்பளத்தின் மிச்சம்தான் அந்த வண்டி. பெங்களூரில் ஒருவரிடமிருந்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியபோது அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒரு மூட்டைப் புண்ணாக்காவது ஏறுமா என்று கேட்டார். அத்தை அதற்கும் மேலே போனாள்.

"ரெண்டு பேருதான் ஏற முடியும்ன்ற. அந்த ரெண்டாவது ஆள மொதல்ல தேடு, அப்புறம் வண்டி வாங்கலாம்."

இந்த வருடம் தொப்பூர் இறக்கத்தில், முன்னால் போன லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்தது. கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை நட்சத்திரம். வீடு வரும்வரை அது அப்படியேதான் இருந்தது. மறுநாள் வெயிலில் அதற்கு ஒரு கால் முளைத்தது. பிறகு மழை, மறுபடி வெயில். காலையில் எழுந்ததும் பல் துலக்கிக்கொண்டே போய் விரிசல் எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பேன். மேலிருந்து கீழே வந்து, வைப்பர் படுக்கிற இடத்தில் திரும்பி, மறுமுனைக்குப் போயிற்று. அதோடு வண்டியை டிராக்டர் கொட்டகையில் ஏற்றிவிட்டேன்.

கண்ணாடி எங்கும் கிடைக்கவில்லை. சேலத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வண்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் மினி பஸ் கண்ணாடியை அறுத்து வைத்துத் தருகிறேன் என்றார். இது வளைந்த கண்ணாடி என்றேன். சிலிகான் போட்டு வளைத்துவிடலாம் என்றார். அவர் கிண்டல் செய்தாரா நிஜமாகவே சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

அப்பா கத்துகிற ஆள் இல்லை. வேர்க்கடலை பிடுங்குவதற்குள் கொட்டகை காலியாக வேண்டும், மழை வந்தால் காயை வேறு எங்கே கொட்டுவது என்று அமைதியாகத்தான் சொன்னார். அதுவரை கண்ணாடி வரவில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கண்ணாடி இல்லாமல் வெளியே நிறுத்தினால் ஒரே மழையில் உள்ளே எல்லாம் போய்விடும். எங்களுக்கு இருப்பது ஒரே கொட்டகை.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு, 'ரெண்டு கதவு' என்று பெயர். மொத்தமே ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆட்கள். அதில் அதிகம் பேசுகிறவர்கள் இருவர், சேலத்தில் ஒரு பல் டாக்டர், ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். தோட்டக்காரர் வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும். குரூப்புக்கென்று ஒரு முறை உண்டு. யாருடைய வண்டியாவது இனி ஓடாது என்று ஆகிவிட்டால், அவர் இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்து முன்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுவார். எழுத்து எதுவும் இருக்காது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். காசு கிடையாது. எடுத்துக்கொண்டவர் அந்தப் பாகத்தைத் தன் வண்டியில் மாட்டியதும், கொடுத்தவரை அதில் ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போட்டோ வரும்வரை, எவ்வளவு அவசரமானாலும், இன்னொருவரின் வண்டியிலிருந்து எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் வண்டி செத்துவிட்டது என்று நாம் சொன்னதாகிவிடும்.

அப்படி ஒரு போட்டோ வந்த நாட்களில் குரூப்பே சாவு வீடு மாதிரி இருக்கும். ராத்திரிச் சாப்பாடுகூட இறங்காது என்று தோட்டக்காரர் எழுதுவார். மறுநாள் பின்விளக்கு யாருக்கு என்று பேச்சு ஆரம்பிக்கும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் திரும்பி நடந்தபோது, அந்தத் தார்ப்பாய் வீட்டுக்காரர் குரூப்பில் இல்லாதவர், ஆகவே கேட்கலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சுவருக்கு வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். பல் டாக்டர் உடனே எழுதினார், முதலில் அவரைச் சேர்த்துவிடுங்கள் என்று. தோட்டக்காரர் குரல் பதிவு அனுப்பினார்.

"சேக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு பாக்கற, தெரியுது. அது நம்ம வேலை இல்ல பாப்பா."

கேட்டைத் தட்டியதும் ஓர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர், உயரம், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, ஊன்றுகோலோடு ஒரு காலை நீட்டி வைத்து நடந்தார். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்றார். நான் தார்ப்பாயைக் காட்டி வண்டியின் பெயரைச் சொன்னேன்.  அவர் கேட்டைத் திறந்தார்.

"பேரச் சொல்லிக் கேட்டவ நீதான். மத்தவங்க எல்லாம் தவளை எங்க, தவளை எங்கன்னுதான் கேப்பாங்க."

முன்னால் இரண்டு உருண்டை விளக்கு பிதுங்கி நிற்பதால் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவரும் பெங்களூரில்தான் வாங்கியிருக்கிறார், முழுக்கத் தன் சம்பளத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விளையாட்டுப் போட்டி நாட்களில் ஈட்டியை இடப்பக்க ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, வட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கி, தர்மபுரி மைதானத்துக்கு ஓட்டிப் போவாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக ஒகேனக்கல் ரோட்டில் இறங்கிவிடுவாராம். குளிக்கவோ மீன் சாப்பிடவோ இல்லை, அந்த வளைவுகளுக்காக. சாமியாருக்கு நான் எங்கே போறேன்னு தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு என்றார். பிறகு முட்டி போயிற்று. ஆபரேஷன் செய்தும் மடங்கவில்லை. அவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழவும் முடியாது. விற்க மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டார்.

அன்று தார்ப்பாயை அவர் பிரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வளைகாப்புக்குப் போய்ச் சேரும்போது வளையல் போட்டு முடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். எனக்குச் சும்மா இருக்க வராது. வண்டியைக் கிளப்பிவிடலாம் மிஸ் என்று சொல்லிச் சொல்லி அவருக்கே ஆசை வரும்படி செய்துவிட்டேன். எங்கள் குரூப்பைப் பற்றி, கதவு திறந்த போட்டோவைப் பற்றி, கேட்கக் கூடாது என்கிற முறையைப் பற்றி எல்லாம் ஒரு கதை மாதிரி சொன்னேன். அவர் சிரித்தார். உன் வண்டி எங்கே, எப்போதும் பஸ்ஸில் வருகிறாயே என்று கேட்டபோது மட்டும் கொட்டகையில் இருக்குதுங்க, கொஞ்சம் வேலை என்றேன்.

தார்ப்பாயைப் பிரித்த நாள் நல்ல வெயில். அவர் அதைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாதாரணக் கார் உறை இல்லை, கடலை காயவைக்கிற கனமான பிளாஸ்டிக் பாய், இரட்டையாக. சுற்றிலும் கயிறு, அடியில் ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் செங்கல் வரிசை. தூசி போகக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. மேலே கிழிந்தால் அதன் மேலேயே இன்னொன்று போடுவாராம். உள்ளே காற்றுப் படக் கூடாது என்பதற்காக ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

உள்பாயை இழுத்ததும் பாத்ரூம் கதவைத் திறந்த மாதிரி ஒரு ஈர வாடை வந்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை. மண்ணிலிருந்து எழுந்த ஆவி வெளியே போகவும் வழியில்லாமல், ஒவ்வொரு பகலும் ஏறி, ஒவ்வொரு காலையும் வண்டியின் மேலேயே இறங்கியிருக்கிறது. சிவப்புப் பெயின்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. நான் கதவின் அடிப்பக்கத்தில் கை வைத்தேன், விரல் உள்ளே போயிற்று. டிரைவர் சீட்டுக்குக் கீழே தரை இல்லை, மண் தெரிந்தது. சீட்டுப் பஞ்சில் எலி குட்டி போட்டுவிட்டுப் போயிருந்தது.

நம் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. பிடிக்காத வண்டி என்றால் யாராவது வேப்ப மரத்தடியில் அப்படியே விட்டிருப்பார்கள். காற்றும் வெயிலும் பட்டு இன்னும் இருபது வருடம் நின்றிருக்கும்.

அவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. நான் பேச வேண்டும் என்று நினைத்தேன், வேல்டிங், புதுத் தகடு, டிங்கர் கடை என்று வார்த்தைகள் எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. ஆனால் என் கண் அதற்குள் முன்னால் போய்விட்டது. முன் கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. உள்ளே கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன மிரரில், மைதானத்தில் ஊதுகிற விசில் ஒன்று கயிற்றோடு தொங்கியது. நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்ததை அவர் பார்த்தார். பாயை மறுபடி இழுத்து மூடினோம். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தும் நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

அன்று எடுத்த போட்டோக்களைப் பல் டாக்டருக்கு அனுப்பினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். கண்ணாடியின் இரண்டு பக்கமும் கூரையைத் தாங்குகிற தூண்கள் உள்ளே அரித்துப் போய்விட்டன என்றார். கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால், இப்போது கூரையைப் பிடித்துக்கொண்டு இருப்பதே அந்தக் கண்ணாடிதான். அதை எடுத்தால் கூரை உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் அது வண்டி இல்லை. எடுக்காமல் விட்டாலும் அடுத்த மழைக்காலம் தாண்டுமா என்று தெரியாது, ஆனால் அதை நாம் சொல்லக் கூடாது என்றார்.

நான் பென்னாகரம் போவதை நிறுத்தினேன். வரைபட வேலை நிறைய இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன், இருக்கவும் இருந்தது. கடலைச் செடி பழுத்துக்கொண்டு வந்தது. அப்பா ஒரு நாள் கொட்டகைக்குள் போய், என் வண்டியின் மேல் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு வெளியே வந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம் டீச்சரே போன் செய்தார். ஒரு வேலை இருக்கு, வந்துட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியபோதே தெரிந்துவிட்டது. நீலப் பாய் இல்லை. வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது, இரண்டு கதவும் அகலத் திறந்து. இடப்பக்கக் கதவு கீலிலிருந்து கழன்று தொங்கியதால் அதற்கு அடியில் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தது. பாயைச் சுற்றி வைத்திருந்த அதே செங்கல்.

கேட்டுக்குள் போகக் கால் வரவில்லை. எனக்கு வேண்டியது அதுதான், அதற்காகத்தான் முதல் நாள் இறங்கினேன், ஆனால் நின்றுகொண்டே இருந்தேன். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மூடிடலாங்க மிஸ்," என்றேன்.

"மூட முடியாது. தொறக்கவே அரை நாள் ஆச்சு. கீலு போச்சு."

"நான் கேக்கலைங்களே."

"நீ கேக்கல. ஒன் கண்ணு கேட்டுச்சு." அவர் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. "நான் நல்லா வச்சுக்கறேன்னு நெனச்சுதான் மூடினேன். மூடி மூடியே கொன்னுட்டேன். கண்ணாடியாவது ரோட்டப் பாக்கட்டும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார், நானும் சொல்லாமல் குடித்தேன். வெகுநேரம் கழித்து, போட்டோ எப்படி எடுக்க வேண்டும், தானும் அதில் நிற்க வேண்டுமா என்று கேட்டார். முறைப்படி நிற்க வேண்டியதில்லை என்றேன். நின்றால் என்ன என்றார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பானட்டில் ஒரு கை வைத்து, மைதானத்தில் அணிவகுப்புக்கு நிற்பது போல நிமிர்ந்து நின்றார். கை வைத்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்தது. எடுத்துக் குரூப்பில் போட்டேன். அன்று முழுக்க யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் தோட்டக்காரர் மட்டும், கூரைக்கு முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பு தன் வண்டியில் கொண்டுவருவதாக எழுதினார்.

இந்தச் சனிக்கிழமை உச்சி வெயிலில் எடுக்கப் போகிறோம். வெயிலில்தான் பசை இளகும். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளை போட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை உள்ளே விட்டு, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்று இரம்பம் மாதிரி மாற்றி மாற்றி இழுத்துப் பசையை அறுக்க வேண்டும். இருவரின் இழுப்பும் ஒரே சீராக இருந்தால் கண்ணாடி முழுசாக வரும். ஒருவர் அவசரப்பட்டால் போயிற்று. துரு வீங்கி ஏற்கெனவே கண்ணாடியை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டிருக்கிறது, பாதிக்குப் பாதிதான் நம்பிக்கை என்றார் பல் டாக்டர். உடைந்தால் இரண்டு வண்டியும் இல்லை.

உள்ளே தான் உட்காருவதாக டீச்சர் சொல்லிவிட்டார். முட்டி என்ன ஆவது என்றேன். எலி தின்ற சீட்டைக் கழற்றிவிட்டு, மண் தெரிகிற இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டால் காலை நீட்டி உட்காரலாமாம், அளந்து பார்த்துவிட்டாராம். அது உயரமாக இருக்கும், தலை இடிக்கும் என்றேன். குனிஞ்சுக்கறேன் என்றார். மிரரில் தொங்கிய விசிலை மட்டும் முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொண்டார், அது அவருடையதாம், கண்ணாடியோடு வராதாம். என் வண்டியில் பொருத்திய பிறகு ஒகேனக்கல் ரோட்டில் ஒரு சுற்று வர வேண்டும், அது முறை என்றதற்கு, மொதல்ல அது முழுசா வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

கம்பி வாங்கிவிட்டேன். இரண்டு முனையிலும் பிடிப்பதற்கு மரக் கைப்பிடி செய்து மாட்டியிருக்கிறேன். நேற்று கொட்டகையில் என் வண்டியின் உடைந்த கண்ணாடியில் பழகிப் பார்த்தேன், அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்து இழுத்தார். நான் வேகமாக இழுக்கிறேன் என்று இரண்டு தரம் சொன்னார். சனிக்கிழமை நான் வெளியே, டீச்சர் உள்ளே. கம்பியை முதலில் அவர் பக்கம் இழுக்கட்டும், அவர் இழுக்கிற வேகத்துக்கு நான் விட்டுக்கொடுத்துப் பார்க்கிறேன்.